கடையில் ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்து வாங்குவது எப்படி

நல்ல ஸ்பீக்கர் ஜோடிக்கும் அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயருக்கும் சில லட்சங்கள் கொடுக்கத் தயாராகிவிட்டீர்கள். ஷோரூமின் டெமோ அறையில் காதில் விழுவதில் பாதி அந்த அறையின் ஒலி. தரையில் கம்பளம், சுவரில் ஒலியை உறிஞ்சும் பலகைகள், கனமான திரை, சத்தமில்லாத ஏசி. வீட்டு ஹாலிலோ விட்ரிஃபைட் டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல், தலைக்கு மேல் ஃபேன். கடையில் மென்மையாக ஒலித்த ட்ரெபிள் (உச்ச ஒலிகள்) வீட்டில் காதைக் குத்துவதும், கச்சிதமாக இருந்த பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) வீட்டில் உறுமுவதும் இதனால்தான். நம் ஹாலில் இது எப்படி ஒலிக்கும் என்பதைக் கடையிலேயே முடிந்தவரை கண்டுபிடிப்பதுதான் டெமோவின் வேலை.

போவதற்கு முன் வீட்டில் அளவெடுங்கள்

ஹாலின் நீளம், அகலம், உயரம், சோபாவிலிருந்து ஸ்பீக்கர் வரும் இடத்துக்கு உள்ள தூரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைவிட முக்கியமானது, பின்சுவரிலிருந்து ஸ்பீக்கரை நிஜமாகவே எவ்வளவு தள்ளி வைக்க முடியும் என்பது. குழந்தைகள் ஓடும் வீட்டில், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அது பெரும்பாலும் ஓர் அடிதான். ஷோரூமில் மூன்று நான்கு அடி தள்ளி வைத்திருப்பார்கள். ஸ்பீக்கர் சுவரை நெருங்க நெருங்க பேஸ் ஏறும். மூலைக்குப் போனால் இன்னும் ஏறும்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டு வையுங்கள். 565-ஐ அறையின் அளவால் (அடியில்) வகுத்தால், அந்த அறை தானாகவே தூக்கிக் கொடுக்கும் முதல் அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 15 அடிக்கு ஏறத்தாழ 38, 12 அடிக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துப் பார்த்தால், 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், தரையில் நிற்கும் பெரிய டவர் ஸ்பீக்கர் சின்ன ஹாலில் ஏன் ‘கும்’மென்று அடைக்கிறது என்பது புரியும். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல அடங்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் அங்கே பல சமயம் தெளிவாக இருக்கும். நீளமும் அகலமும் சமமான சதுர அறை மிக மோசம். இரண்டு திசையும் ஒரே சுருதியைத் தூக்கும்.

பாட்டுகளை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்

கடைக்காரர் போடும் டெமோ பாட்டுகள் எந்த ஸ்பீக்கரிலும் அசத்தும், அதற்காகவே தேர்ந்தெடுத்தவை. பல வருடம் கேட்டுப் பழகிய ஆறேழு பதிவுகளை, குறுந்தகட்டின் தரத்திலோ (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) அதற்கு மேலோ, ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகளாகப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டுத்தான் போகும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

கச்சேரிப் பதிவுகள் கேட்பவருக்குப் பரிசோதனைக் கருவிகள் கையிலேயே இருக்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கத்தில்) வரும் கும்கியைக் கவனியுங்கள். சுருதி வளைந்து ஏறுவது கேட்க வேண்டும். ஒவ்வொரு அடியும் ஒரே ‘பூம்’ என்று வந்தால், அந்த ஸ்பீக்கரோ அந்த அறையோ ஒரே சுருதியில் பேஸைத் தள்ளுகிறது. தம்புராவில் தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூல் தரும் ரீங்காரம் பாடகரின் குரலுக்குப் பின்னால் அறுபடாமல் ஓட வேண்டும். மங்கிய ட்வீட்டரில் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரில்) அது வெறும் முணுமுணுப்பாகிவிடும். நாகஸ்வரம் இதற்கு நேர்மாறான சோதனை: மேல் அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் ஸ்பீக்கரில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. வீணையில் மீட்டின் விளிம்பும் அதன்பின் இழுபடும் கமகமும் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். பெண் குரலில் ‘ஸ’, ‘ஷ’ சீறுகின்றனவா என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

பழைய மோனோ பதிவு (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவது) ஒன்றும் அவசியம். 1960-களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோதான். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே, ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். பரந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் இருந்தால் ஒரு ஸ்பீக்கரின் வயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். கடைகளிலும் இது நடக்கும். பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

டெமோ அறையில்

வாரநாள் காலையில், போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். உட்காருவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள். லவுட்னெஸ், பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர், அறைத் திருத்தம் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் தாண்டிச் செல்லும் ‘டைரக்ட்’ பொத்தான் இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். மூலையில் சப்வூஃபர் (பேஸுக்கான தனிப் பெட்டி) ஓடுகிறதா என்றும் கேளுங்கள். சின்ன ஸ்பீக்கர் அதிசயமாய் பேஸ் கொடுப்பதன் ரகசியம் பல சமயம் அதுதான்.

பிறகு டேப்பை எடுங்கள். உங்கள் வீட்டு தூரத்துக்கு நாற்காலியை நகர்த்துங்கள். உங்கள் வீட்டில் பின்சுவருக்கு ஓர் அடிதான் என்றால், இங்கேயும் ஸ்பீக்கரை ஓர் அடிக்குத் தள்ளச் சொல்லுங்கள். முழு டெமோவிலும் இந்த ஒரு காரியம்தான் அதிகம் சொல்லித் தரும். பேஸ் வீங்கினால், பெட்டியின் பின்பக்கத் துளையை அடைக்கும் ஃபோம் அடைப்பான் அந்த மாடலுக்கு உண்டா என்று கேட்டுப் போட்டுப் பாருங்கள். ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காது உயரத்தில் இருக்கட்டும். சாதாரண சோபாவுக்கு அது தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர்.

அடுத்தது ஒலியளவு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், ‘சத்தம் அதிகம்’ என்று மனதுக்குத் தோன்றாது. ‘இன்னும் தெளிவு, இன்னும் உயிர்’ என்றுதான் தோன்றும். சத்தம் ஏறும்போது நம் காது பேஸையும் ட்ரெபிளையும் கூடுதலாகக் கேட்பதுதான் காரணம். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஸ்பீக்கர்களின் சென்சிட்டிவிட்டி (ஒரே மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) வெவ்வேறாக இருப்பதால், வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்து மாற்றிக் கேட்பது நியாயமான ஒப்பீடு ஆகாது. 90 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் 84 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு வாட் கேட்கும்.

சரி செய்யும் வழி எளிது. 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள பிங்க் நாய்ஸ் (‘உஸ்’ஸென்ற சோதனை இரைச்சல்) கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் வைத்திருங்கள். போனில் டெசிபல் அளக்கும் ஆப். தலை இருக்கும் இடத்தில் போனைப் பிடித்து, முதல் ஸ்பீக்கரை 75 டெசிபலுக்குக் கொண்டுவந்து குமிழின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதையும் அதே 75-க்கு, அரை டெசிபல் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒப்பீடுதானே தேவை. ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து சமப்படுத்துங்கள். ஒன்று 2.00 வோல்ட் என்றால் மற்றது 2.02-ஐத் தாண்டக் கூடாது. இப்படிச் சமப்படுத்தியபின், தங்கள் சக்தி வரம்புக்குள் ஓடும் நல்ல ஆம்ப்ளிஃபயர்களிடையே கேட்கும் வேறுபாடு எவ்வளவு சிறுத்துவிடுகிறது என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பட்ஜெட்டின் பெரும்பங்கை ஸ்பீக்கரில் போடச் சொல்வது இதனால்தான்.

கேட்கும் முறை

ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு, காபி குடித்து, வயர் மாற்றி, அடுத்ததைக் கேட்பதில் பயனில்லை. 20, 30 நொடித் துண்டை இதில் ஒருமுறை, அதில் ஒருமுறை என மாற்றி மாற்றிக் கேளுங்கள். கடையில் செலக்டர் ஸ்விட்ச் இருந்தால் நல்லது. இதில் தேறியதை மட்டும் பிறகு அரைமணி நேரம் நிதானமாக, வீட்டில் கேட்கும் சத்தத்தில் கேளுங்கள். குறைந்த சத்தத்திலும் ஒருமுறை கேளுங்கள்; இரவில் கேட்பது அப்படித்தான்.

சந்தேகம் வந்தால் ஒரே ஒரு ஸ்பீக்கரை மோனோவில் ஓடவிடுங்கள். குரலின் நிறம் மாறுவது, மூக்கால் பாடுவது போன்ற குறைகளை ஸ்டீரியோவின் விரிவு மூடிவிடும். ஒற்றை ஸ்பீக்கர் மூடாது.

முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். ஒலிக்கருவி தயாரிக்கும் ஹர்மன் நிறுவனத்தில் ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது மதிப்பெண்கள் உருவத்தின் பக்கம் சாய்ந்தன. திரைக்குப் பின்னால் வைத்தபோது மாறின. அனுபவசாலிகளும் இதற்கு விலக்கில்லை.

ஒரு நாளில் மூன்று ஜோடிக்கு மேல் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

விவரத்தாளும் விற்பனைப் பேச்சும்

சென்சிட்டிவிட்டி 2.83 வோல்ட்டுக்குச் சொல்லப்படுகிறதா, 1 வாட்டுக்கா என்று பாருங்கள். ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓம் என்றால் இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட்; எனவே 88 டெசிபல் என்று போட்டிருந்தால் 1 வாட் கணக்கில் 85தான். அப்படிப்பட்ட ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயரின் 4 ஓம் வாட்டையும் கேளுங்கள். அதைச் சொல்லாத ஆம்ப்ளிஃபயரை அதனுடன் சேர்க்க வேண்டாம்.

‘இருநூறு மணி நேரம் ஓடினால் செட் ஆகிவிடும்’ என்பார்கள். புது வூஃபரின் (பேஸ் தரும் பெரிய கூம்பின்) சஸ்பென்ஷன், அதாவது அதைத் தாங்கும் பகுதி, கொஞ்சம் தளரும், உண்மைதான். ஆனால் பிடிக்காத குரல் பிடித்த குரலாக மாறாது. பெரும்பாலும் பழகுவது காதுதான். ஓடிப் பழகிய டெமோ பீஸைக் கேட்டு முடிவெடுங்கள்.

விலையுயர்ந்த கேபிளைத் தலையில் கட்டப் பார்த்தால் மறுக்கலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் ஓடினால், போக வர மொத்த மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம், 8 ஓமில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. சென்னையில் ரிச்சி தெருவில் வாங்கும் நல்ல செம்பு வயரே போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைத் தவிர்த்தால் சரி.

பணம் கொடுக்கும் முன்

ஆம்ப்ளிஃபயரின் பின்தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 110, 120 வோல்ட் என்றிருந்தால் அது வேறு நாட்டுச் சந்தைக்கு வந்தது. இங்கே கம்பெனி வாரண்டி கிடைப்பது சந்தேகம். பில்லில் ஜிஎஸ்டியும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். சர்வீஸ் எந்த ஊரில், எடுத்துப் போகும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வூஃபரின் ஓரவளையம் ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். கடலோர ஊர்களின் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் ஃபோம் சில வருடங்களில் உதிரத் தொடங்கும். ரப்பர் நின்று உழைக்கும். டெமோ பீஸைத் தள்ளுபடியில் வாங்கினால், 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை மெல்லிய சத்தத்தில் ஓட்டி, எங்காவது கிடுகிடுப்போ உரசலோ வருகிறதா என்று காது கொடுங்கள். பாட்டில்லாமல் வழக்கமான அளவுக்கு வால்யூமை ஏற்றி ட்வீட்டரருகில் காதை வையுங்கள். சீற்றம் உட்காரும் இடம்வரை வரக் கூடாது.

கடைசியாக, ஒரு வாரஇறுதிக்கு வீட்டில் வைத்துப் பார்க்க முன்பணம் வாங்கிக்கொண்டு தருவார்களா என்று கேளுங்கள். தராவிட்டால், எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த நாள் தாண்டும்வரை அட்டைப்பெட்டியையும் உள்ளே வந்த ஃபோம் அச்சுகளையும் பரணில் பத்திரமாக வையுங்கள். அவை இல்லாமல் திருப்பி எடுக்கப் பல கடைகள் மறுக்கும்.