ஞாயிற்றுக்கிழமை பிட்சரை பெஞ்சில் உட்கார வைத்த கதை

ஃபேன்டஸி பேஸ்பாலில் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களின் நிஜ ஆட்டக் கணக்கில் வாராவாரம் ஒரு எதிராளியோடு மோதுவது) மூன்று வாரமாக ஒரே தொல்லை. சனி இரவு வரை இ.ஆர்.ஏ.விலும் (பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ஏர்ண்டு ரன்) விப்பிலும் (ஒரு இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஹிட், வாக்) முன்னிலை; இரண்டிலும் குறைவே நல்லது. திங்கள் காலை பார்த்தால் இரண்டும் போயிருக்கும்.

கடைசி இரண்டு பிட்சர் இடங்களுக்கு யாரும் சீண்டாத ஸ்டார்ட்டர்களை (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்களை) வாராவாரம் மாற்றி எடுப்பேன். ஆள் தேர்வில்தான் தப்பு என்று நினைத்தேன். சீசன் இ.ஆர்.ஏ. குறைந்தவர்களை எடுத்தும் பயனில்லை. அப்புறம் டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் வீசுகிறவர்களைத் தவிர்த்தேன். ஏறக்குறைய ஒரு மைல் உயரத்தில் இருக்கும் மைதானம், பந்து பறக்கும். தவிர்த்தது சரிதான், ஆனால் நோய் அது இல்லை.

கணக்கை நாள்வாரியாகப் பிரித்தபோதுதான் பிடிபட்டது. வாரத்தில் இரண்டு ஆட்டம் கிடைக்குமே என்ற ஆசையில் எடுத்தவர்கள்தான் காரணம். செவ்வாயன்று வீசியவர், நான்கு நாள் ஓய்வுக்குப் பின் ஞாயிறன்று மறுபடி வருவார். ஒரு வாரம் சனி வரை 40 இன்னிங்ஸ், 14 ஏர்ண்டு ரன் (ஃபீல்டர் பிழையால் வராமல், பிட்சர் கணக்கில் விழும் ரன்): இ.ஆர்.ஏ. 3.15. ஞாயிறன்று ஒருத்தர் 3 இன்னிங்ஸில் 6 ரன் கொடுத்தார். 4.19!

எங்கள் லீகில் வாரத்துக்குக் குறைந்தது 20 இன்னிங்ஸ் வேண்டும். இப்போது அதைத் தாண்டி, முன்னிலையும் இருந்தால், ஞாயிறு ஆளுக்கு பெஞ்சுதான்; அவர் வீசுவது என் கணக்கில் சேராது. ஸ்ட்ரைக்அவுட்டில் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றும் எண்ணிக்கை) பின்தங்கியிருந்தால் மட்டும் இறக்குவேன். அதிலும் ஒரு வசதி: அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் அவரவர் பெயர் பூட்டப்படும், அதுவரை மாற்றலாம். பிந்தித் தொடங்கும் மேற்குக் கரை ஆட்டம் என்றால், கிழக்கே எதிராளியின் பிட்சர் அடி வாங்குகிறாரா என்று பார்த்துவிட்டே முடிவெடுக்கலாம். அதற்குப் பின் நான்கு வாரத்தில் மூன்றில் இ.ஆர்.ஏ. என் பக்கம்.