சேற்றில் சைக்கிளை இறக்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

கேழ்வரகுக் களி கிண்டிப் பார்த்தவர்களுக்குப் பதம் என்றால் என்னவென்று தெரியும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் கூழ். குறைந்தால் துடுப்பை விட்டே வராது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் செம்மண்ணும் அப்படித்தான். மலைச்சரிவில் சைக்கிளை இறக்கும் டவுன்ஹில் போட்டிக்கு மழைநாளில் முதன்முறை வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'சேறு' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். பாதித் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், ஒரு கரட்டின் சரிவில், உறவினர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. நாங்கள் நாலைந்து பேர் அங்கேதான் தடம் வெட்டிப் பழகுகிறோம். செப்டம்பர், அக்டோபரில் மண் நன்றாக ஊறிவிடும். கொட்டுகிற மழையில் தடம் கூழாக ஓடும். பார்க்கத்தான் பயம், சக்கரம் அந்தக் கூழைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கிற கெட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டிய சேறும் சுழற்சியில் தெறித்துப் போய்விடும். மழை விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் வெயில் அடித்த பிறகுதான் வம்பே. மண் களிப் பதத்துக்கு வந்து டயரில் அப்பி, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். ஒரு முறை பாதிச் சரிவில் என் முன்சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுத்தான் மீதியை இறங்கினேன். அதனால் மழை நின்றதும் 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உண்மையில் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

காலையில் ஒரு தடவை தடத்தை நடந்து பார்த்துவிட்டு, மத்தியானம் அதே கணக்கில் இறங்குவது அடுத்த தவறு. டவுன்ஹில்லில் ஒவ்வொருவராகத்தான் இறக்கிவிடுவார்கள், கடிகாரம்தான் எதிராளி. முப்பது நாற்பது பேர் போன பிறகு காலையில் நீங்கள் பார்த்த தடம் இருக்காது. எல்லோரும் ஆசைப்பட்ட உள்வளைவுக் கோடு ஏர் ஓட்டின சால் மாதிரி ஆழமாகியிருக்கும். உங்கள் முறைக்கு முன்னால் முடிந்த அளவு மறுபடியும் நடந்து பாருங்கள். கையில் ஒரு குச்சி இருக்கட்டும். திருப்பங்களில் குத்திப் பார்த்தால் கெட்டி மண் எத்தனை விரல் ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வளைவின் வெளிப்பக்கம் யாரும் சீண்டாத புல்லும் சரளையும் கிடக்கும். சுற்றுவழிதான், ஆனால் பிடிப்பு அங்கேதான் இருக்கும். சாலுக்குள் இறங்கிவிட்டால் இரண்டு சக்கரமும் அதற்குள்ளேயே போகட்டும். நடுவில் ஹேண்டிலைத் திருப்பி வெளியே வரப் பார்த்தால் முன்சக்கரம் கரையில் ஏறி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். கண்ணைச் சக்கரத்தின் மேல் வைக்காமல் சால் முடிகிற இடத்தில் வையுங்கள்.

டயர் விஷயத்தில் 'அகலம் கூடினால் பிடிப்பு கூடும்' என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. காய்ந்த மண்ணுக்கு அது ஓரளவு சரி. சேற்றில் அகல டயர் மேலே மிதக்கும். சற்று ஒடுங்கின, பட்டன்கள் (டயரின் மேல் துருத்திக்கொண்டிருக்கிற ரப்பர்க் கட்டிகள்) உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கிற டயர்தான் கீழே இறங்கிப் பிடிக்கும். இடைவெளி இருப்பதால் சேறும் கழன்று விழும். அது கிடைக்காவிட்டால் முன்சக்கரத்துக்காவது பட்டன் தேயாத டயரைப் போடுங்கள். காற்றை வழக்கத்தைவிட ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐ குறைத்தால் போதும். 'நல்லா இறக்கிவிடு' என்று பாதியை வெளியேற்றுகிறவர்கள் நம் ஊர்க் கரடுகளில் மண்ணுக்குள் கிடக்கிற கல்லை மறந்துவிடுகிறார்கள். ட்யூப் போட்ட சக்கரமாக இருந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும்.

அப்புறம் பிரேக். சேற்றில் விழுந்தவர்களைக் கேட்டால் 'வழுக்கிவிட்டது' என்பார்கள். பின்னால் நின்று பார்த்தவர்களைக் கேட்டால், 'திருப்பத்துக்குள்ள பிரேக் புடிச்சான்' என்பார்கள். ஈர மண்ணில் டயருக்குக் கிடைக்கிற பிடிப்பே கொஞ்சம். அதை வேகத்தைக் குறைக்கச் செலவழிக்கலாம், அல்லது திரும்பச் செலவழிக்கலாம். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டாது. வளைவுக்கு முன்னால், நேராக இருக்கிற துண்டில், சரளையோ கெட்டித் தரையோ வந்ததும் பிரேக்கைப் பிடித்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் விரலைத் தளர்த்துங்கள். பின்பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தை நிறுத்தி இழுத்துக்கொண்டு போவது இன்னும் மோசம். சுழலுகிற டயர்தான் தன் சேற்றைத் தானே உதறும். நின்றுபோன டயரில் அப்பினது அப்படியே இருக்கும், பட்டன் இருந்தும் இல்லாத கதைதான்.

பயம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் போகும். இது எல்லோருக்கும் நடக்கிறது, எனக்கு இன்றைக்கும் நடக்கிறது. இடுப்பு பின்னால் போனால் முன்சக்கரத்தில் பாரம் குறையும், பாரம் இல்லாத சக்கரம்தான் முதலில் வழுக்கும். முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்தி, எடையைப் பெடலில் ஊன்றி நில்லுங்கள். மனசு ஒத்துக்கொள்ள ஒரு பருவமாவது பிடிக்கும்.

2011இல் ஸ்விட்சர்லாந்தின் ஷாம்பெரியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், மழையில் ஊறிப்போன தடத்தில் டேனி ஹார்ட் என்ற 19 வயது இங்கிலாந்துப் பையன் இறங்கின காணொளியை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரண்டாவது வந்தவரைவிட 11 வினாடிக்கு மேல் முந்தினார். காய்ந்த தடத்தில் உலக அளவுப் போட்டிகள் ஒரு வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் முடிவது சாதாரணம். சேறு வந்தால் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவில் இடைவெளி அவ்வளவு விரிகிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் தாவின மாதிரி தாவப் பார்க்கிற பையன்கள் எங்கள் தோப்பிலும் உண்டு. அந்த ஓட்டத்தை இன்னொரு முறை ஓடவிட்டு, எந்தெந்த இடத்தில் பிரேக்கை விட்டுப் பிடிக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

வேர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாமர வேரும் புளியமர வேரும் நனைந்து, நாலு பேர் சக்கரம் ஏறி, பட்டை உரிந்துவிட்டால் சோப்புக் கட்டிதான். குறுக்காக, செங்கோணத்தில் தாண்டுங்கள். வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கையும் தொடாதீர்கள், ஹேண்டிலையும் திருப்பாதீர்கள். பாறையில் கருப்பாகப் பாசி படிந்த பக்கத்தை விட்டுவிட்டு, சொரசொரப்பாக வெளுத்துத் தெரிகிற பக்கமாகப் போங்கள்.

இப்போது என் கதை. பலாப்பழம் அறுக்கிறதுக்கு முன்னால் கையில் எண்ணெய் தடவுகிற மாதிரி, ஃபிரேமிலும் எண்ணெய் தடவினால் சேறு ஒட்டாது என்று யாரோ சொன்னார்கள். யோசனை தப்பில்லை, அதற்கென்றே சிலிக்கான் ஸ்பிரே விற்கிறது. நான் சமையலறை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினேன். அதோடு விட்டிருக்கலாம். அதே துணியால் பிரேக் டிஸ்க்கையும் பளபளவென்று துடைத்து வைத்தேன். முதல் திருப்பத்தில் லீவரை அழுத்தினால் கீச்சென்று சத்தம் வருகிறது, வண்டி நிற்கவில்லை. ஒரு மாமரம்தான் நிறுத்தியது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடு எண்ணெயில் ஊறிவிட்டால் தூக்கித்தான் போட வேண்டும், டிஸ்க்கை ஆல்கஹால் விட்டுத் துடைக்க வேண்டும். ஸ்பிரே அடிக்கிறவர்களும் டிஸ்க்கை மூடிவிட்டு அடியுங்கள். பேடு என்றதும் இன்னொன்று: ரெசின் பேடு சேற்று மணலில் சீக்கிரம் கரைந்துவிடும். மழைக்காலத்துக்கு உலோகத்தூள் கலந்த பேடு போடுங்கள். பயிற்சி ஓட்டமெல்லாம் முடிந்ததும், போட்டிக்கு முன்னால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடியைச் சேற்றுக் கையுறையால் துடைக்காதீர்கள். மணல் கீறி, அடுத்த போட்டிக்கு உதவாமல் போகும். முன் ஃபோர்க்கில் மட்கார்டு ஒன்று மாட்டினாலே பாதிச் சேறு முகத்துக்கு வராது. கண்ணாடியில் ஒட்டிக் கிழித்தெறிகிற படலம் வைத்திருப்பவர்கள் அதைத் தோப்பில் போட்டுவிட்டு வராதீர்கள், மாடு தின்றுவிடும்.

பழகுவதற்குச் சரிவு வேண்டும் என்று அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைகிறவர்களும் இருக்கிறார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு விளைகிற காலத்தில் யானைகள் காட்டை விட்டு வயலுக்கு வரும். அந்தப் பக்கத்துக் காட்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. வனத்துறை வழக்குப் போடுவது ஒருபக்கம் இருக்கட்டும், சேற்றில் சைக்கிளோடு கிடக்கும்போது யானை வந்தால் என்ன செய்வீர்கள்?

போட்டி முடிந்ததும் நேராக பைக் வாட்டர் சர்வீஸ் கடைக்கு ஓட்டிக்கொண்டு போவது கடைசித் தவறு. அந்த வேகத்தில் அடிக்கிற தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். ஒரு மாதம் கழித்து ஹேண்டில் கரகரவென்று திரும்பும்போதுதான் தெரியும். ஒரு வாளித் தண்ணீர், பழைய பிரஷ், தோட்டத்துக் குழாயில் மெல்லிய தண்ணீர் போதும். செயினைத் துணியால் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் விடுங்கள். ஷூவைத் தகிக்கிற வெயிலில் வைத்தால் அடிப்பாகத்துப் பசை விட்டுப்போகும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். இரண்டு தடவை தாளை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளலாம்.