ஒரு பிளேடுக்கு எத்தனை ஷேவ் கொடுக்கலாம்?

ஐந்து பிளேடு இருந்த பாக்கெட்டில் ஒன்றை எடுத்து ஒரே ஒரு நாள் ஷேவ் செய்துவிட்டு, மீதி நாலையும் அலமாரி மூலைக்குத் தள்ளியவன் நான். மோவாயில் இரண்டு இடத்தில் வெட்டு. கழுத்து மத்தியானம் வரை எரிந்தது. குறிப்பேட்டில் 'வேண்டாம்' என்று எழுதி, கோபத்தில் அடிக்கோடும் போட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து என் தம்பி ஒரு வேலை செய்தான். வீட்டில் கிடந்த நாலு வகைப் பிளேடுகளுக்கும் ஒன்று முதல் நாலு வரை எண் கொடுத்து, எந்த எண் எது என்பதைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். ரேசரில் பிளேடைப் பொருத்தி, தலையை இறுக்கி என் கையில் கொடுப்பான். நான் திறந்து பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. சுமார் ஒரு மாதம் போனது. கடைசியில் நான் முதலிடம் கொடுத்தது மூன்றாம் எண்ணுக்கு. அது அந்த 'வேண்டாம்' பிளேடு. தம்பி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

அதற்கப்புறம், ஒரு பிளேடு நல்லதா இல்லையா என்று சொல்வதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு பிளேடு, ஒவ்வொன்றிலும் மூன்று ஷேவ், நடுவில் எனக்கு நன்றாகப் பழகிய பிளேடில் மூன்று ஷேவ். மொத்தம் ஒன்பது. அதற்கு முன்னால் யார் கேட்டாலும் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான் என் பதில். இதெல்லாம் இரண்டு பக்கமும் கூர் உள்ள, திருகி மூடும் ரேசரில் போடுகிற மெல்லிய பிளேடுகளைப் பற்றியது.

முதல் ஷேவை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் பிளேடிலேயே இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தத் தகட்டின் விளிம்பு வெறும் எஃகு இல்லை. குரோமியம், பிளாட்டினம் போன்ற உலோகப் பூச்சு ஒன்று, அதற்கு மேல் பெரும்பாலும் டெஃப்லான் வகைப் பூச்சு ஒன்று. ஒட்டாத வாணலிகளில் இருக்கிறதே, அதே குடும்பம். புதுப் பிளேடின் முதல் சில இழுப்புகளில் இந்தப் பூச்சு கூரின் நுனியிலிருந்து கொஞ்சம் பின்வாங்கும். அதனால் முதல் நாள் உங்கள் முகத்தில் ஓடிய விளிம்பும் இரண்டாம் நாள் ஓடுகிற விளிம்பும் ஒன்றல்ல. என் அனுபவத்தில் சில பிளேடுகள் முதல் நாள் முரண்டு பிடித்துவிட்டு இரண்டாம் நாள் பணிந்துவிடும். வேறு சில முதல் நாள் வெண்ணெயாக வழுக்கிவிட்டு மூன்றாம் நாளே முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். இரண்டாவது ரகம்தான் ஆளை ஏமாற்றும். முதல் நாள் சந்தோஷத்தில் நூறு பிளேடு பெட்டியாக வாங்கி வைத்து நான் மாட்டிக்கொண்டது அந்த ரகத்திடம்.

இந்த மூன்றாம் நாள், நாலாம் நாள் பேச்சே கொஞ்சம் புதுசுதான். ஜில்லெட் தன் ரேசருக்குக் காப்புரிமை பெற்றது 1904-இல். அதற்கு முன் சவரக்கத்தியைத் தோல் வாரில் தீட்டுவது தினசரி வேலை, அவ்வப்போது சாணையும் பிடிக்க வேண்டும். கூர் சரியில்லை என்றால் குற்றம் தீட்டியவன் மேல். பிறகு வந்த மெல்லிய பிளேடுகளும் நெடுங்காலம் கார்பன் எஃகுதான், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். 1962-இல் வில்கின்சன் ஸ்வோர்ட் துருப்பிடிக்காத எஃகில் பிளேடு கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே ஓடின. ஒரே பிளேடை நிதானமாகப் பல நாள் வைத்துப் பார்க்கிற வசதி அப்படித்தான் வந்தது.

பிளேடைத் தவிர மாறுகிற விஷயங்கள் இன்னும் இரண்டு. ஒன்று முகம். தாடி ஒரு நாளைக்கு சுமாராக 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை வளரும். எனக்கு வாரத்தில் இரண்டு நாள் இரவு வேலை, அந்த நாட்களில் ஷேவ் தள்ளிப்போகும். ஒரு நாள் வளர்ச்சியில் அருமையாக ஓடிய பிளேடு இரண்டரை நாள் வளர்ச்சியில் திணறினால் அது பிளேடின் குறை இல்லை. தூக்கம் கெட்ட காலையில் தோலும் வேறு மாதிரி இருக்கும்; எழுந்த உடனே முகம் கொஞ்சம் ஊதியிருக்கும். இரண்டாவது கை. புதுப் பிளேடு என்றாலே நாம் ஒன்று பயந்து மெதுவாக இழுக்கிறோம், அல்லது எதிர்பார்ப்பில் அழுத்துகிறோம். மூன்றாம் ஷேவில்தான் கை பிளேடை மறந்து தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. நான் மதிப்பெண் போடுவது அந்த ஷேவுக்குத்தான்.

இந்த வகை ரேசரையே இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்றால் பிளேடு சோதனையைத் தள்ளி வையுங்கள். ஒரே வகைப் பிளேடு, ஒரே சோப்பு, ஒரு மாதம். ரேசரின் எடையே அழுத்தமாகப் போதும் என்பதும், பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரியில் சாய்ந்திருக்க வேண்டும் என்பதும் கைக்கு ஏற அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் பத்து வகைப் பிளேடு மாற்றினால், எந்த வெட்டு பிளேடால், எந்த வெட்டு கையால் என்று கடைசி வரை தெரியாது. ஃபெதர் மாதிரி கூருக்குப் பேர் வாங்கிய பிளேடுகளை அந்த மாதத்தில் தொடவே வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருவோம். ரேசர், சோப்பு, பிரஷ், முகத்தை நனைக்கிற நேரம் எதையும் அந்த ஒன்பது ஷேவிலும் மாற்றாதீர்கள். நனைக்கிற நேரத்தைத்தான் ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். காய்ந்த முடி கம்பி மாதிரி. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் தண்ணீரை உறிஞ்சி இளகிவிடும், வெட்டத் தேவையான விசை நன்றாகக் குறையும். ஒரு நாள் குளித்துவிட்டு ஷேவ், மறுநாள் அவசரத்தில் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு ஷேவ் என்றால் நீங்கள் சோதித்தது தண்ணீரை.

பிளேடைப் பொருத்துவதில் ஒரு நிமிடம் செலவழியுங்கள். நான் ஒருமுறை ஒரு வகைப் பிளேடை வாரம் முழுக்கத் திட்டியிருக்கிறேன். வலது கன்னத்தில் வெட்டு, இடது கன்னத்தில் முடி அப்படியே நிற்கிறது. கடைசியில் பார்த்தால் பிளேடு கோணலாக உட்கார்ந்திருந்தது. பிளேடின் தட்டையான பக்கத்தில் சின்ன மெழுகுப் புள்ளிகள் இருக்கும், காகிதத்துக்குள் பிளேடு ஆடாமல் பிடித்துக்கொள்வதற்காக. அதில் ஒன்று பிய்ந்து ரேசர் தலைக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. இப்போது பிளேடைக் கூரில்லாத குட்டைப் பக்கங்களில் பிடித்து, வெந்நீரில் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். திருகி இறுக்கும்போது தலையின் இரண்டு குட்டைப் பக்கத்தையும் விரலால் அழுத்திக்கொள்வேன். அப்புறம் ரேசரின் தலை கண்ணுக்கு நேராக வரும்படி தூக்கிப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு ஓரத்தையும் பார்க்க வேண்டும். தலைக்கு வெளியே மெல்லிய வெள்ளிக் கோடு மாதிரி பிளேடு தெரியும். அந்தக் கோடு இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சீராக இருந்தால் சரி. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காணாமல் போனால் கழற்றித் திரும்பப் போடுங்கள். இதைப் பார்க்காமல் பிளேடுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்? நான் பத்துக்கு எத்தனை என்று எழுதுவதில்லை, அந்த எண்ணெல்லாம் அன்றைய மனநிலைதான். மூன்று கேள்வி போதும்.

இழுத்ததா? கன்னம் எந்தப் பிளேடுக்கும் சுலபம், அதை வைத்து ஒன்றும் தெரியாது. எனக்கு இடது தாடைக்குக் கீழே ஒரு சுழி இருக்கிறது. முடி பக்கவாட்டில் சுருண்டு வளரும். என் பரீட்சை அங்கேதான். உங்களுக்கும் அப்படி ஒரு இடம் இருக்கும், மேலுதடாகவோ மோவாயாகவோ. ஒன்பது ஷேவிலும் அதே இடத்தை முடி வளர்கிற வாட்டத்திலும் எதிர் வாட்டத்திலும் ஒருமுறை இழுத்து, காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல பிளேடு மொறமொறவென்று சீராகச் சத்தம் போடும். மழுங்கியது நடுநடுவே தயங்கும்.

எரிந்ததா? ஷேவ் முடிந்து குளிர்ந்த தண்ணீரில் கழுவியதும் ஈரப் படிகாரக் கட்டியை முகம் முழுக்கத் தடவுகிறேன். கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் படிகாரம் காட்டிக்கொடுத்துவிடும். இதில் பழகிய பிளேடோடு ஒப்பிடுவது முக்கியம். கழுத்து எப்போதுமே கொஞ்சம் எரிகிற ஆள் நான். புதுப் பிளேடில் அதைவிடக் கூடியதா என்பதுதான் கேள்வி.

சாயங்காலம் எப்படி இருக்கிறது? இதைக் காலையில் எழுதவே முடியாது. காலையில் எல்லா முகமும் மழமழ. வேலை முடிந்து வந்து புறங்கையால் தாடையைத் தடவி, சொரசொரப்பும் சிவப்பும் பார்த்து, அப்புறம் ஒரு வரி எழுதுகிறேன்.

கூரும் மென்மையும் ஒன்றில்லை என்பது இந்த மூன்று வரிகளைச் சேர்த்துப் படித்தால் புரியும். இழுக்கவே இல்லை, ஆனால் எரிந்தது என்றால் பிளேடு கூர்மையானது, முகத்திடம் முரடானது. கொஞ்சம் இழுத்தது, எரியவில்லை என்றால் நேர்மாறு. இதில் எது தேவலை என்பது உங்கள் தோலையும் ரேசரையும் பொறுத்தது. பிளேடு அதிகம் வெளியே நீட்டும் ரேசரில் என்னைப் படுத்திய பிளேடு, அடக்கமான ரேசரில் சாதுவாக இருந்திருக்கிறது. அதனால் என் குறிப்பில் பிளேடு பெயருக்குப் பக்கத்தில் ரேசர் பெயரும் இருக்கும்.

நடுவில் மூன்று நாள் பழகிய பிளேடுக்குத் திரும்புவது வீண் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மூன்று நாளிலும் முகம் எரிந்தால் குற்றவாளி புதுப் பிளேடு இல்லை என்று தெரிந்துவிடும். ஒருமுறை அப்படித்தான், சோப்பு மாறியிருந்தது.

இரண்டாவது பிளேடு எதற்கு என்றால், ஒன்றில் தயாரிப்புக் குறை இருக்கலாம். இரண்டு பிளேடும் ஒரே கதையைச் சொன்னால் முடித்துக்கொள்ளுங்கள். வேறு வேறு கதை சொன்னால் மூன்றாவதையும் போடுங்கள். அதுவும் குழப்பினால், ஒரே பாக்கெட்டுக்குள் இத்தனை வித்தியாசம் இருப்பதே அந்தப் பிளேடை விட்டுவிடப் போதுமான காரணம்.

மூன்று ஷேவ் என்றேன் என்பதற்காக ரத்தம் சொட்டச் சொட்டத் தொடர வேண்டியதில்லை. முதல் இழுப்பிலேயே கன்னத்தில் பிடித்து இழுத்தால் நிறுத்துங்கள். கழற்றி, சரியாகப் போட்டு, மறுபக்க விளிம்பில் ஒரு இழுப்பு. அதுவும் இழுத்தால் அந்தப் பிளேடு குப்பைக்கு. பிளேடு மட்டும்தான், பாக்கெட் இல்லை.

எத்தனை நாள் தாங்கும் என்பது தனிச் சோதனை. பிளேடு பிடித்திருக்கிறது என்று முடிவான பிறகு மூன்றாவதை எடுத்து, சுழியில் இழுக்கும் வரை ஓட்டிப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் ஐந்து, சிலது ஏழு. எண்ணிக்கை மறந்துபோகும் என்பதால் கண்ணாடி ஓரத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. ஷேவ் முடிந்ததும் பிளேடை அலசி உதறினால் போதும். துண்டால் விளிம்பைத் துடைக்காதீர்கள், மெனக்கெட்டு நீங்களே கூரைக் கெடுத்த மாதிரி ஆகும்.

இத்தனை மென்மையான முடி எஃகை எப்படிக் கெடுக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. எஃகு முடியைவிட சுமார் 50 மடங்கு கடினம். 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். நாம் நினைக்கிற மாதிரி விளிம்பு தேய்ந்து உருண்டையாவது மட்டும் இல்லை; முடி வளைந்து ஒரு கோணத்தில் விளிம்பை முட்டும்போது, எஃகின் உள் அமைப்பு சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. அதைப் படித்த பிறகு சுழிப் பக்கம் தோலை இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஷேவ் செய்கிறேன். ஆயுள் கூடியதா என்று கேட்டால், கோடுகளில் அப்படித்தான் தெரிகிறது. என் ஆசையாகவும் இருக்கலாம்.

ஒன்பது ஷேவ் முடிந்து, பிடிக்கவில்லை என்றான பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். காகிதம் பிரிக்காத பிளேடு ஈரம் படாத இடத்தில் பல வருஷம் கெடாமல் இருக்கும். ரேசர் மாற்றும்போது ஒருமுறை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஷேவ் செய்த பிளேடை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், தம்பியாகவே இருந்தாலும். அவற்றை மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவுக்குள் தள்ளிவிடுகிறேன். நாலு வருஷமாகப் போடுகிறேன், இன்னும் பாதி கூட நிறையவில்லை.