கட்டமைப்புக் குறையைப் பெயர் வெளிவராமல் அறிவிப்பது எப்படி?

2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலையருகே எம்ஆர்டி எனும் பெருவிரைவு ரயில் பாதைக்கான அகழ்வுப் பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தனர்; பக்கச்சுவர்களைத் தாங்கிய எஃகுச் சட்டங்களின் இணைப்புகள் போதிய வலுவின்றி வடிவமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக் குழு கண்டறிந்தது.

அத்தகைய இணைப்பு உங்கள் கண்முன் வளைந்தால் அது இரகசிய அறிக்கைக்கான நேரமன்று. உடனே மேற்பார்வையாளரிடமும், அவர் அசையாவிட்டால் கட்டட, கட்டுமான ஆணையத்திடமோ மனிதவள அமைச்சிடமோ தெரிவியுங்கள்.

ஆபத்து நீங்கியபின், பிறர் பாடம் கற்பதற்கே பிரிட்டனில் 2005இல் தொடங்கிய கிராஸ் (CROSS) போன்ற, கட்டமைப்புப் பாதுகாப்புக் குறைகளை இரகசியமாக அறிவிக்கும் திட்டங்கள் உள்ளன. அனுப்புநர் தம் பெயரைத் தருவார். ஆனால் நிபுணர்கள் படிக்குமுன் ஆள், நிறுவனம், இடம் ஆகிய அடையாளங்கள் நீக்கப்படும். மொட்டைக் கடிதத்தைவிட இது மேல், ஏனெனில் ஐயம் எழுந்தால் கேட்க ஆளிருக்கிறார்.

“வேலை சரியில்லை” என்று எழுதுவதால் பயனில்லை. “வரைபடத்தில் தகடு இருந்த இடத்தில் சி வடிவச் சட்டம் பொருத்தப்பட்டது, பள்ளம் ஆழமானதும் அது வளைந்தது” என்று எழுதி, மாற்றத்தை அனுமதித்த நடைமுறையையும் சேருங்கள். படத்தில் நிறுவனச் சின்னம் தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.

நிறுவனத்துக்குள்ளேயே இவ்வழியை அமைப்போர், அனுப்புநரின் பெயரை அறிந்தவர் திட்ட மேலாளராக இல்லாதபடி பார்த்துக்கொள்வதோடு, தமிழிலும் எழுத இடமளிக்க வேண்டும். வளைவை முதலில் காண்பவர் நம்மூர் வெல்டராகவும் இருக்கலாம்.