ஒரே வீட்டில் மூன்று தலைமுறை: பெட்டி கட்டும் முன் பேசி முடிக்க வேண்டியவை

பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பது என்று முடிவெடுத்துவிட்டீர்களா? நல்ல முடிவு. ஆனால் சாமான்களை ஏற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். பாசம் குறைந்துபோய்ப் பிரியும் குடும்பங்களைவிட, "இதையெல்லாம் போய்க் கேட்பதா" என்று எல்லோரும் கூச்சப்பட்டுப் பேசாமல் விட்ட விஷயங்களால் பிரியும் குடும்பங்கள்தான் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் வேலை, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பது. எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதில் பிரயோஜனமில்லை. மருமகளோ மருமகனோ வேண்டாம் என்று சபையில் சொல்ல மாட்டார்கள். தன் அறையைத் தம்பியோடு பங்கு போடப்போகும் பதினான்கு வயதுப் பிள்ளையை யாரும் கேட்கவே மாட்டார்கள். வயதானவர்களும் மனதுக்குள் தங்கள் வீட்டை விட்டு வரப் பிடிக்காமலே "உங்கள் இஷ்டம்" என்பார்கள். அதனால் தனியாகக் கூப்பிட்டு, எது இல்லாமல் உங்களால் இருக்கவே முடியாது என்று கேளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் தனிமை, பூட்டிக்கொள்ளும் கதவு, நண்பர்கள் வந்துபோகும் சுதந்திரம், இப்படி ஏதாவது ஒன்று வரும். அதைக் குறித்துக்கொண்டு, அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

அடுத்து பணம். வாடகை, மின்கட்டணம், மளிகை, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு பொதுக்கணக்கு வைத்து, வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் போடுங்கள். இரண்டு பேர் சம்பாதிக்கிறார்கள், ஒருவருக்கு மற்றவரைப்போல இரு மடங்கு வருமானம் என்றால், பங்கும் இரண்டுக்கு ஒன்று. மீதிப் பணம் அவரவருடையது, அதைப் பற்றிக் கேள்வி கிடையாது. பேரப்பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பாட்டி பணம் தரவில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது, அவர் தருவது பெரிய பங்கு.

வீட்டு உரிமையில்தான் உறவே முறிகிறது. அப்பா பெயரில் இருக்கும் இடத்தில் மகன் கடன் வாங்கி மாடி கட்டினால், அந்தப் பணம் யாருடையது, வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு அதில் என்ன பங்கு என்பதை அப்பா நன்றாக இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளும் அறிய எழுதிவையுங்கள். வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றும் பெற்றோர், ஆயுள் முழுக்க அங்கே குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இது நம்பிக்கையில்லாத்தனம் ஆகாது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் நடக்கப்போகும் எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். சமையல், துணி, பாத்திரம் மட்டும் போதாது. மாத்திரை தீர்ந்ததா என்று பார்ப்பது, மருத்துவரிடம் நாள் வாங்குவது, இரவில் எழுந்து தாத்தாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, இவையும் வேலைதான். ஒவ்வொன்றின் எதிரிலும் பெயர் போட்டால் பாதிக்கு மேல் ஒரே பெண்ணின் பெயர் வரும் வாய்ப்பு அதிகம். அப்படி வந்தால் குடியேறும் முன்பே மாற்றுங்கள், ஏனென்றால் பிறகு மாறாது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு முழு நாளாவது ஓய்வு வேண்டும், அன்றைக்கு யார் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

குழந்தை வளர்ப்பில் கடைசிச் சொல் குழந்தையின் பெற்றோருடையது. தாத்தா பாட்டி யோசனை சொல்லலாம், ஆனால் அம்மா மறுத்ததைப் பின்பக்கமாகக் கொடுக்கக்கூடாது. இதில் இன்னொன்றும் உண்டு: மருத்துவ ஆலோசனையே மாறியிருக்கிறது. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பது நல்லது என்று ஒரு காலத்தில் பல நாடுகளில் மருத்துவர்களே சொன்னார்கள். 1990களில் மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லிப் பிரச்சாரம் நடந்த பிறகுதான் தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் பெருமளவு குறைந்தன. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. இதை மகள் சொன்னால் "நான் உன்னை வளர்க்கவில்லையா" என்று சண்டை வரும். அதனால் குழந்தையின் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பாட்டியையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயிலிருந்தே கேட்டால் யாருக்கும் மரியாதை குறையாது.

வீட்டைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார். பெரியவர்களுக்குத் தரைத்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும் அறையைக் கொடுங்கள். குளியலறையில் கைப்பிடியைச் சுவரில் திருகாணி போட்டுப் பொருத்துங்கள், துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. போகும் வழியில் இரவு விளக்கு வேண்டும், வழுக்கும் மிதியடி வேண்டாம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டால் உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் வேண்டும், அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ.; கதவைத் திறந்த பிறகு குறைந்தது 80 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

பெரியவர்களும் தவழும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் மாத்திரைகள் விஷயத்தில் ரொம்பக் கவனம். கிழமைவாரியாகப் பிரித்துவைக்கும் மாத்திரைப் பெட்டிகள் பலவற்றைக் குழந்தை எளிதாகத் திறந்துவிடும், சில சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் குழந்தைக்கு ஆபத்து. பூட்டிய அலமாரியில், உயரத்தில் வையுங்கள். காதுக்கருவி, ரிமோட் ஆகியவற்றின் பொத்தான் பேட்டரிகளும் அங்கேயே. அப்புறம், டிவி சத்தம்: செவித்திறன் குறைந்தவருக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் தினசரிச் சண்டை ஒன்று நின்றுபோகும்.

முதல் 6 மாதத்தைச் சோதனைக் காலம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதுவரை பழைய வீட்டை விற்க வேண்டாம், முடிந்தால் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுங்கள். மாதம் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து எது சரிப்படவில்லை என்று பேசுங்கள், குழந்தைகளும் பேசட்டும். ஒத்துவராமல் யாராவது வெளியேற நினைத்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், போட்ட பணத்தில் எவ்வளவு, எப்போது திரும்ப வரும், பெற்றோர் யாரோடு போவார்கள் என்பதையும் எழுதி, ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.