யூதித்துக்கும் சலோமிக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

வெட்டுண்ட ஆண் தலையோடு ஒரு பெண் நிற்கும் ஓவியத்தைக் கண்டால் உடனே ‘சலோமி’ என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யூதித்து, திருவிவிலியத்தின் யூதித்து நூலில் வரும் நாயகி. அந்தப் பெயருக்கு நேரும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம். சலோமி யாரையும் வெட்டவில்லை. திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டாள், தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். யூதித்து தன் ஊரான பெத்தூலியாவை முற்றுகையிட்ட தளபதி ஒலோபெரினின் தலையைத் தன் கையாலேயே வெட்டினாள். வாளும் பணிப்பெண்ணும் பையும் இருந்தால் பெரும்பாலும் அது யூதித்துதான். ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் 1901இல் வரைந்த ஓவியத்தின் சட்டத்திலேயே யூதித்தின் பெயர் பொறித்திருக்கிறது. அதையும் சலோமி என்றே பலர் அழைத்தார்கள்.

அழகைக் காட்டி மயக்கிக் கொன்றாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது அடுத்த தவறு. அந்தப் பையைக் கவனியுங்கள். பகைவரின் உணவைத் தொடமாட்டேன் என்று வறுத்த தானியம், அத்திப்பழ அடை, அப்பம் எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டுதான் பாளையத்துக்குள் போகிறாள். இரவுதோறும் வெளியே சென்று இறைவேண்டல் செய்ய அனுமதியும் வாங்குகிறாள். மூன்று நாளில் காவலர்களுக்கு அது பழகிவிடுகிறது. விருந்தன்று ஒலோபெரின் குடித்துவிட்டுக் கிடக்க, அவனுடைய வாளாலேயே கழுத்தில் இரண்டு வெட்டு. தலை உணவுப் பைக்குள் போகிறது. அவளும் பணிப்பெண்ணும் வழக்கம்போல் வெளியே நடக்கிறார்கள், தடுப்பார் இல்லை. இப்படித் திட்டமிட்டவளை வெறும் மோகினியாக்குவது அநியாயம். அவன் தன்னைக் களங்கப்படுத்தவில்லை என்று அவளே ஊராரிடம் சொல்வதும் நூலில் இருக்கிறது. அதை மாற்றியவர்கள் பிற்கால நாடகக்காரர்கள்.

பணிப்பெண்ணும் சேர்ந்து வெட்டினாள் என்று எழுதாதீர்கள். நூலில் அவள் படுக்கையறைக்கு வெளியே நிற்கிறாள். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ அவளைக் கிழவியாக்கி அருகில் நிறுத்தினார். ஆர்தெமீசியா ஜென்டிலெஸ்கி இளம்பெண்ணாக்கி ஒலோபெரினை அழுத்திப் பிடிக்க வைத்தார். அது ஓவியர்களின் உரிமை, வேத வசனம் அல்ல. ஆர்தெமீசியாவின் படத்தை 1611இல் அவருக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமைக்குப் பழிவாங்கல் என்று மட்டுமே படிப்பதும் எனக்கு உவப்பில்லை. யூதித்தின் இரு கைகளும் விறைத்து நீள்கின்றன. ஒன்று முடியைப் பற்ற, மற்றது வாளை இழுக்கிறது. ரத்தம் படாமலிருக்க உடல் பின்வாங்குகிறது. தொழில் தெரிந்த ஓவியரின் கணக்கு அது.

யூதித்து நூலை வரலாற்றுச் சான்றாகக் காட்ட வேண்டாம். நினிவேயிலிருந்து ஆண்ட அசீரிய மன்னன் நெபுகத்னேசர் என்று நூல் தொடங்குகிறது. அவன் பாபிலோனியன், அவன் அரியணை ஏறிய கி.மு. 605க்கு முன்பே, 612இல், நினிவே வீழ்ந்துவிட்டது. எழுதியவர் தெரிந்தேதான் குழப்பியிருப்பார் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

‘பைபிளில் இப்படி ஒருத்தியே இல்லை’ என்று வாதாடுகிறவரோடு சண்டை போடவும் வேண்டாம். யூதித்து நூல் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கிறது. எபிரேய வேதத்திலும் புரோட்டஸ்டன்ட் பைபிளிலும் இல்லை. ஆனால் ஆதியாகமம் 26:34இல் ஏசாவின் மனைவியாக வரும் யூதீத் எல்லாப் பைபிளிலும் உண்டு. ஏத்திய இனத்தவர் ஒருவரின் மகளான அவள் வேறு, இவள் வேறு.

யூதித்து என்ற பெயரின் ஆங்கில வடிவம்தான் ஜூடித். பிற்கால ஜூடித்துகளிலும் குழப்பம் உண்டு. நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் ஜூடித் லேஸ்டரின் படங்கள் நெடுங்காலம் அதே நகர ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸின் பெயரில் விலைபோயின. ஒரு படத்தில் அவருடைய முதலெழுத்துகளும் நட்சத்திரக் குறியும் 1893இல் அடையாளம் காணப்பட்ட பிறகே கதை மாறியது. ‘ஷேக்ஸ்பியரின் சகோதரி ஜூடித்’ எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் கற்பனையாகப் படைத்தவள். ஷேக்ஸ்பியரோடு வளர்ந்த தங்கையின் பெயர் ஜோன். ஜூடித் அவருடைய மகள், 1585இல் ஹாம்னெட்டோடு இரட்டையாகப் பிறந்தவள்.