காசித்தும்பைத் தண்டில் தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்க்க

இந்தச் சோதனைக்குக் காசித்தும்பைதான் தோது. தண்டு கண்ணாடி மாதிரி இருப்பதால் சாயம் ஏறுவது வெளியிலேயே தெரியும். வெள்ளைப் பூ பூக்கிற, வெளிர்பச்சைத் தண்டுள்ள செடியாகப் பாருங்கள். சிவப்புப் பூச்செடிக்குத் தண்டே செம்மை ஓடியிருக்கும். எது சாயம், எது தண்டின் நிறம் என்று குழம்பும். 100 மி.லி. தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி சிவப்புப் பேனா மை போதும். குங்குமம், மஞ்சள்தூள் வேண்டாம். அவை கரையாமல் மிதந்து, தண்டுக்குள் நீர் ஏறும் நுண்குழாய்களின் வாயை அடைத்துவிடும்.

ஒரே பருமனில், 20 செ.மீ. நீளத்தில் இரண்டு கிளைகள் வேண்டும். பாதிப்பேர் கோட்டைவிடுவது வெட்டுகிற இடத்தில்தான். செடிக்குள் இருக்கும் நீர் இழுத்துக்கட்டிய கம்பி மாதிரி விறைப்பில் நிற்கிறது. வெளியில் வைத்து வெட்டினால் அது சட்டென உள்வாங்க, காற்று புகுந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் குழாயில் சாயம் ஏறாது. அதனால் வெட்டிய கிளையின் அடியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, உள்ளேயே இன்னும் 3 செ.மீ. புது பிளேடால் சாய்வாகச் சீவுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும்.

ஒரு கிளையில் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, கிள்ளிய இடங்களில் வாஸ்லின் களிம்பு தடவுங்கள். இரண்டையும் சாயத்தில் நிறுத்தி, வெளிச்சமும் காற்றும் படும் ஜன்னலோரம் வையுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் இலையுள்ள தண்டில் சிவப்புக் கோடுகள் மேலே ஓடும். மொட்டைக் கிளை நன்றாகவே பின்தங்கும். தண்டின் உயிரணுக்கள் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்றார் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். அது நிலைக்கவில்லை. இலையில் நீர் ஆவியாகும் இழுப்பே தூக்குகிறது என்று டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் 1894-ல் சொன்னதுதான் நின்றது. மொட்டைக் கிளையிலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்; தண்டின் தோல் வழியாகவும் நீர் ஆவியாகிறதே. மழைநாளில் இரண்டுமே மந்தம்.

கோடு பாதித் தண்டுக்கு வந்ததும் 1 மி.மீ. வில்லையாகக் குறுக்கே அரிந்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரத்தை ஒட்டி வட்டமாகச் சிவப்புப் புள்ளிகள், நடுவிலுள்ள மெத்தென்ற சோறு வெளிறியபடி: புள்ளிகள்தான் சைலம், அதாவது நீர் ஏறும் குழாய்கள். ராத்திரி முழுக்க விட்டால் சாயம் கசிந்து எல்லாம் ஒரே சிவப்பாகிவிடும்.

வேரோடு பிடுங்கியும் இதைச் செய்வார்கள். அப்போது சாயம் மளமளவென்று ஏறினால் பெரும்பாலும் வேர் அறுந்திருக்கும். முழு வேரில் அகத்தோல் என்ற உள்ளடுக்கு சாயத்தை அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது.